ஹோஸின் பாதையும் கூரையின் கைப்பிடிச்சுவரும்

ஒருவர் இன்று செய்து வைக்கும் பொருள், அவர் அருகில் இல்லாத வேறொரு நாளில், அவர் முகம் அறியாத ஒருவரைக் காயப்படுத்துமானால், அந்தக் காயத்தில் செய்தவருக்கு உள்ள பங்கு எத்தகையது என்னும் வினாவை அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளன. அடித்தல், திருடுதல், பொய்யுரைத்தல் போன்றவற்றில் செயலும் விளைவும் அடுத்தடுத்து நிற்பதால் பழி சேர வேண்டிய இடம் எளிதில் புலப்படுகிறது. வெட்டிய கிணறு, எழுப்பிய சுவர், பூட்டிய இயந்திரம் ஆகியவற்றிலோ, வேலை முடிந்து செய்தவர் கையைத் துடைத்துக்கொண்டு போன பின்புதான் விளைவு தொடங்குகிறது. இவ்வினாவை ஆராய்வோர் அணை உடைப்பு, அணுவுலை விபத்து போன்ற பேரழிவுகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் அவற்றில் பொறுப்பு நூற்றுக்கணக்கானவரிடையே சிதறிப்போவதால், தனி மனிதரின் கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கலங்கிவிடுகிறது. ஒருவரின் கையும் கண்ணும் மட்டுமே தொடர்புடைய சிறு வேலையில் அது தெளிவாகத் தெரியும். சிறு டிராக்டரின் லோடருக்கு ஹைட்ராலிக் ஹோஸ்களை எந்த வழியாகக் கொண்டுசெல்வது என்பது அத்தகைய வேலை.

வட அமெரிக்காவின் சிறு பண்ணைகளில் 25 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள சிறிய டிராக்டர்கள் பெருவழக்காக உள்ளன. அவற்றின் முன்புறத்தில் மண்ணையும் எருவையும் அள்ளித் தூக்குவதற்காக மாட்டப்படும் கருவியே லோடர். இரு எஃகுக் கைகள், அவற்றின் முனையில் பின் அடித்துப் பொருத்திய பக்கெட், கைகளை உயர்த்த ஒரு சோடி சிலிண்டர், பக்கெட்டைச் சாய்க்கவும் சுருட்டவும் மற்றொரு சோடி சிலிண்டர் என்பது அதன் அமைப்பு. ஓட்டுநரின் கைப்பக்கத்து லீவரை அசைத்தால் வால்வு திறந்து, பம்பு தள்ளும் எண்ணெய் சிலிண்டருக்குள் பாய்கிறது. அசையாத பகுதிகளில் இந்த எண்ணெய் எஃகுக் குழாய்களில் ஓடலாம். மூட்டுகளைக் கடக்கும் இடத்தில் மட்டும் வளையும் குழாய், அதாவது ஹோஸ், இன்றியமையாதது. தொழிற்சாலையிலிருந்து வரும் லோடரில் இந்த வழிகள் வரைபடத்தில் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் மரக்கட்டைகளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிக் கருவி ஒன்றைப் பின்னாளில் சேர்க்க விரும்பும் உரிமையாளர், கூடுதலான ஒரு வால்வையும் இரண்டு ஹோஸ்களையும் வாங்கி, டிராக்டரின் உடலிலிருந்து கையின் அடிமூட்டைத் தாண்டி, கை நெடுக ஓட்டி, பக்கெட் மூட்டையும் தாண்டிக் கொண்டுசேர்க்கும் வழியைத் தாமே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் ஒரு பிற்பகலில், ஒற்றை ஆளாக, சாட்சி யாருமின்றி எடுக்கப்படுகிறது.

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டின் பிளேஸ் பாஸ்கல். அவர் 1662-இல் இறந்த மறு ஆண்டு வெளியான நூலில், சிறிய உந்துதண்டை அழுத்தும் ஒருவர், நூறு மடங்கு பரப்புள்ள பெரிய உந்துதண்டின்மேல் நூறு பேர் தரும் விசைக்கு ஈடுகொடுப்பார் என்பது விளக்கப்பட்டுள்ளது. லோடரின் வலிமை முழுவதும் இந்த விதியிலிருந்தே வருகிறது. அதன் அபாயமும் அங்கிருந்தே வருகிறது, ஏனெனில் பக்கெட்டைத் தூக்கும் அதே அழுத்தம் ஹோஸின் உட்சுவர் முழுவதையும், வளைவிலும் நேரிலும், மறைந்த இடத்திலும் தெரிந்த இடத்திலும், ஒரே அளவில் தள்ளிக்கொண்டிருக்கிறது. சிறு டிராக்டர்களில் இது சதுர அங்குலத்துக்கு 2,000 முதல் 2,500 பவுண்டு வரை இருக்கும். கார் டயரில் அடிக்கும் காற்று முப்பது பவுண்டைச் சற்றே தாண்டும் என்பதைக் கருதினால் இதன் கடுமை விளங்கும். ஆகவே ஹோஸ் முழுவதும் நல்ல நிலையில் இருந்து ஒரு விரற்கடை இடம் மட்டும் தேய்ந்திருந்தால், எஞ்சிய நீளத்தின் நலம் அந்த இடத்துக்கு எவ்வகையிலும் உதவாது.

ஹோஸ் என்பது வெறும் ரப்பர்க் குழாய் அன்று. எண்ணெயைத் தாங்கும் உட்குழாய், அதன்மேல் ஒன்று அல்லது இரண்டு அடுக்காக எஃகுக் கம்பிப் பின்னல், அதற்கும் மேல் வெயிலையும் உராய்வையும் ஏற்கும் புறத்தோல் என மூன்று பகுதிகள் அதில் உள்ளன. அழுத்தம் ஏறும்போது பின்னல் இறுகி, ஹோஸ் தன் நீளத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை சுருங்கவோ இரண்டு பங்கு வரை நீளவோ கூடும். எனவே இரு முனைகளுக்கிடையே விறைப்பாக இழுத்துக் கட்டிய ஹோஸ், லீவரை அசைக்கும் ஒவ்வொரு முறையும் தன் முனையிலுள்ள இணைப்பை, அதாவது ஃபிட்டிங்கை, பிடுங்க முயல்கிறது. ஓர் அளவுக்குக் கீழே வளைத்தால் பின்னல் ஒருபுறம் பிளந்து மறுபுறம் நெருங்குகிறது. இரண்டு கம்பி அடுக்குள்ள அரை அங்குல ஹோஸுக்கு அந்த வளைவின் ஆரம் ஏறத்தாழ 180 மில்லிமீட்டர், கால் அங்குல ஹோஸுக்கு 100 மில்லிமீட்டர். முறுக்கு இவை எல்லாவற்றிலும் கொடியது, ஏனெனில் முறுக்கேறிய பின்னல் அழுத்தம் வரும்போதெல்லாம் தன்னை அவிழ்த்துக்கொள்ளத் துடித்து ஃபிட்டிங்கின் கழுத்திலேயே உழைத்துச் சாகிறது. ஹோஸின் முதுகில் நீளவாக்கில் அச்சிட்ட கோடு ஒன்று ஓடும். உற்பத்தியாளர் பெயரையும் அளவையும் தாங்கும் அந்தக் கோடு பொருத்திய பின் நேராக நின்றால் முறுக்கு இல்லை, திருகுபோல் சுற்றிக்கொண்டு போனால் நட்டை இறுக்கும்போது ஹோஸும் சேர்ந்து திரும்பிவிட்டது என்று பொருள். இரண்டாவது ஸ்பேனரால் ஹோஸின் அறுகோணத்தைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்கியிருந்தால் இது நேராது.

இவ்வளவும் கைத்தொழில் அறிவு. அறத்தின் வினா இதற்கு அடுத்த படியில் எழுகிறது. லோடரைத் தரையில் இறக்கி வைத்தே ஹோஸ் பொருத்தப்படுகிறது. அந்த நிலையில் எந்த வழியும் நல்ல வழியாகவே தோன்றும். கைகள் முழு உயரத்துக்கு எழும்போதுதான் அடிமூட்டின் அருகே கிடந்த தளர்ச்சி மறைந்து ஹோஸ் நாண்போல் விறைக்கிறது. பக்கெட் முழுவதும் கவிழும்போதுதான் அதுவரை எட்டத்தில் இருந்த ஹோஸ் இரண்டு எஃகுத் தகடுகளின் நடுவே வந்து நசுங்குகிறது. கைகளை உயர்த்திய நிலையில் பக்கெட்டைச் சுருட்டும்போது மட்டும், வேறு எப்போதும் இல்லாமல், ஒரு போல்ட்டின் முனை புறத்தோலைச் சுரண்டுகிறது. ஆதலால் ஹோஸைப் பொருத்துபவர் தம் கண்முன் உள்ள ஒரு நிலையில் நின்றுகொண்டு, கண்முன் இல்லாத எல்லா நிலைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார். எண்ணிய பின், கிளாம்புகளை முழுதும் இறுக்காமல், இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லோடரை அதன் எல்லைகள் அனைத்துக்கும் நிதானமாகக் கொண்டுபோய், தாம் எண்ணியது சரிதானா என்று எட்ட நின்று பார்க்கவும் வேண்டும். தம் நிலை அல்லாத நிலையை மனத்தில் கொள்ளுதல் என்னும் இந்தப் பயிற்சியையே சமயங்கள் பிறர்பால் காட்டும் அன்பின் தொடக்கமாகக் கருதியுள்ளன. ஹோஸைப் பொறுத்தவரை அந்தப் பிறர் இன்னும் வரவில்லை என்பதே வேறுபாடு.

வரப்போகும் அவருக்கு நேரக்கூடிய காயம் வெளியே தெரியாதது. தேய்ந்த ஹோஸில் குண்டூசி முனையளவு துளை விழுந்தால், அதன் வழியே பீறிடும் எண்ணெய் கண்ணுக்கு மெல்லிய பனிபோலவே தோன்றும், சில நேரம் தோன்றவும் செய்யாது. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து தசைநாண்களின் உறை வழியே பரவிவிடும். முதலில் ஒரு சிறு புள்ளியும் லேசான எரிச்சலும் மட்டுமே இருப்பதால் அவர் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, உடனடி அறுவை சிகிச்சை இல்லையேல் விரலையோ கையையோ இழக்க நேரும். இவ்வாறு உயர் அழுத்தத் திரவம் கைகளில் புகுந்த 435 நேர்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான மருத்துவ ஆய்வொன்றில், ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு உறுப்பை வெட்டியெடுக்க வேண்டியிருந்ததாகப் பதிவாகியுள்ளது. கசிவைத் தேடக் கையை நீட்டாமல் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஹோஸ் ஒரேயடியாக வெடித்து, தூக்கிய பக்கெட் கீழே நிற்பவர்மேல் இறங்குவது வேறு வகை. அது பேரொலியோடு நிகழ்வதால் உதவியாவது விரைந்து வரும்.

இத்தகைய மறைந்த தீங்குக்கு யூத சமயத்தின் சட்ட மரபு மிகக் கூர்மையாக முகங்கொடுத்துள்ளது. புது வீடு கட்டுபவர் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் கட்டளை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் மெய்யியலாளருமான மைமோனிடிஸ், தம் பெருஞ்சட்டத் தொகுப்பாகிய மிஷ்னே தோராவில் இக்கட்டளையை விரித்துரைக்கும் முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. சுவரின் உயரம் பத்துக் கையகலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 80 சென்டிமீட்டருக்கு, குறையக் கூடாது என்று அளவு சொல்லும் அவர், ஒருவர் அதன்மேல் சாய்ந்தாலும் விழாத அளவுக்கு அது உறுதியாக இருக்க வேண்டும் என்றும் சேர்க்கிறார். உயரம் கண்ணால் அளக்கக்கூடியது. உறுதியோ ஒருவர் சாயும் கணத்தில் மட்டுமே வெளிப்படுவது. கட்டுபவர் அந்தக் கணத்தை முன்கூட்டியே எண்ணிக் கட்ட வேண்டும் என்பதே இதன் உட்கிடை. மாடியோடு அவர் நிறுத்தவும் இல்லை: முற்றத்தில் கிணறு இருந்தால் விளிம்பு கட்டவோ மூடவோ வேண்டும், உயிருக்கு ஆபத்தான எந்தத் தடையையும் அகற்றுவது கடமை என்று விதியை விரிவாக்குகிறார். ஓடும் நீர்க்குழாயில் வாயை வைத்துக் குடிக்கலாகாது, கண்ணுக்குத் தெரியாமல் அட்டைப்பூச்சியை விழுங்கிவிட நேரலாம் என்ற எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில் உள்ளது. ஹைட்ராலிக்கை அறியாத காலத்தில், குழாய்க்குள் மறைந்திருப்பதைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட ஒருவர் இருந்தார் என்பது மதிப்புக்குரிய செய்தி.

ஆயினும் எதிர்வாதம் ஒன்று அம்மரபின் உள்ளிருந்தே எழுகிறது. மாடியிலிருந்து விழுபவர் தம் கவனக்குறைவால் விழுகிறார், அல்லது விழ வேண்டும் என்ற விதி இருந்ததால் விழுகிறார். அதில் வீட்டுக்காரரின் குற்றம் என்ன? யூத சட்ட விவாதங்களின் தொகுப்பாகிய தல்மூதின் சப்பாத் பகுதியில் ரபி இஸ்மவேலின் பள்ளியைச் சேர்ந்தோர் இதற்குத் தரும் விடை வியப்பூட்டும் துணிவு உடையது. விழுந்தவருக்கு அது படைப்பின் நாட்களிலிருந்தே குறிக்கப்பட்டிருந்திருக்கலாம் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் நன்மை நல்லோர் வழியாகவும் தீமை குற்றமுடையோர் வழியாகவும் நிகழ்விக்கப்படுவதால், அந்த வீழ்ச்சிக்கு வழியாக அமைந்தவர் தம் பழியிலிருந்து தப்ப முடியாது என்கின்றனர். ஊழை ஏற்றுக்கொண்டு பொறுப்பையும் விடாத இந்த நிலைப்பாடு, வினைக்கொள்கையில் ஊறிய இந்தியச் சிந்தனைக்கு அந்நியமானதன்று. அவரவர் வினை அவரவரைச் சேரும் என்ற உண்மை, இன்னொருவரின் வினைப்பயனுக்குக் கருவியாக இருந்தவரை விடுவிக்கும் ஓலை ஆகிவிடாது.

சமணம் இதே சிக்கலை மறுமுனையிலிருந்து அணுகுகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொலையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லாமல், அசட்டையான செயற்பாட்டால் அது நேர்வதைச் சேர்த்தே சொல்கிறது. இந்த அசட்டையைச் சமணர் பிரமாதம் என்பர். விழிப்பின்மை, மனம் வேறெங்கோ இருத்தல், ஆசையாலோ சினத்தாலோ கவனம் நழுவுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பத்தாம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த அமிர்தசந்திரர் இதன் முடிவை அஞ்சாமல் எடுத்துரைத்தார்: விழிப்போடு நடப்பவரின் காலடியில் ஓர் உயிர் மாண்டாலும் அவர் கொலைப்பழிக்கு ஆளாகார், அசட்டையோடு நடப்பவரோ எந்த உயிரும் மாளாத போதும் ஆளாவார். துறவிகளுக்கு விதித்த ஐந்து சமிதிகளுள், அதாவது கவன நெறிகளுள், ஒன்று பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் காட்ட வேண்டிய கவனத்துக்கே தனியாக ஒதுக்கப்பட்டுள்ளது. இல்லறத்தார் உழவும் தொழிலும் செய்கையில் நேரும் ஊறு முற்றிலும் தவிர்க்க இயலாதது என்று சமணம் ஒப்புக்கொண்டாலும், அதைக் குறைக்கும் கடமையிலிருந்து அவர்களை விடுவிப்பதில்லை. திருக்குறளில் பொச்சாவாமை என்னும் 54-ஆம் அதிகாரம் மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியைக் கண்டிப்பதும் இங்கே நினைவுக்கு வரும். புதிய இடுக்கி முதன்முறை வாயைத் திறந்து மூடுவதைக் கண்டு மகிழ்பவர், கைகளை முழு உயரத்துக்கு ஏற்றிப் பார்க்க மறக்கும் வேளை அந்த மகிழ்ச்சியின் வேளையே.

இவ்விரு நோக்குகளில் சமண நோக்கு ஒரு கேள்வியை மிக எளிதாகத் தீர்த்துவிடுகிறது. இருவர் ஒரே வகையில் அசட்டையாக ஹோஸ் பொருத்துகின்றனர். ஒருவரின் லோடர் ஹோஸ் வெடிக்கும் முன்பே பழைய இரும்புக்குப் போய்விடுகிறது, மற்றவரின் ஹோஸ் ஒரு பணியாளின் கையைப் பறிக்கிறது. தற்செயல் ஒருவரின் ஒழுக்கத்தைத் தீர்மானிக்கலாமா என்னும் இவ்வினாவைப் பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976-இல் எழுப்பிய பின் மேலைநாட்டு மெய்யியலார் அதை ஒழுக்கத்தில் நல்லூழ் என்ற தலைப்பில் விவாதித்து வருகின்றனர். இருவரும் சமமாகக் குற்றமுடையவர் என்பது அமிர்தசந்திரரின் விடையாக இருக்கும். அது நேர்மையான விடை. மனத்தின் நிலையை அளவுகோலாகக் கொள்வோர் வேறு விடை சொல்ல இயலாது.

ஆனால் ஹோஸ் அந்த விடையோடு அடங்கிவிடுவதில்லை. முழு விழிப்போடு, அச்சுக் கோடு நேராக நிற்க, வளைவு அளவோடு அமைய, எல்லா எல்லைகளிலும் சோதித்துப் பொருத்திய ஹோஸும் வெயிலில் வெடித்து, அதிர்வில் கிளாம்பு தளர்ந்து, ஐந்தாறு ஆண்டில் அசட்டையாகப் பொருத்திய ஹோஸின் நிலைக்கு வந்துசேரக்கூடும். பொருத்திய நாளின் மனத்தூய்மை அந்த எஃகுப் பின்னலைத் துருவிலிருந்து காப்பதில்லை. மனத்தை மட்டும் ஆராயும் அறம் இவ்விடத்தில் குறைபடுகிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது; விழிப்பு என்பதைப் பொருத்திய அந்த ஒரு பிற்பகலுக்கு உரியதாகக் கொள்ளாமல், பொருள் பயன்படும் காலம் முழுவதற்கும் உரியதாக நீட்டினால்தான் சமண வரையறை தன் முழு ஆற்றலோடு நிற்கும். யூத சட்டம் கடமையை மனத்தில் வைக்காமல் சுவரில் வைத்ததன் அறிவுடைமை இங்கே புலப்படுகிறது. சுவர் இருக்கிறதா, சாய்ந்தால் தாங்குமா என்பதே அதன் கேள்வி. கட்டியவர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு கட்டினார் என்பது விழுகிறவருக்கு உதவாது.

தம் டிராக்டர், தம் கை, தம் உயிர் என்று சொல்பவரின் வாதம் தனியே நோக்கத்தக்கது, ஏனெனில் பண்ணைகளில் மிகுதியாகக் கேட்கப்படுவது அதுவே. என்னை மட்டுமே ஆபத்துக்கு உள்ளாக்குகிறேன், பிறருக்கு இதில் என்ன என்று கூறுபவருக்குத் தண்டனை உண்டு என்று மைமோனிடிஸ் எழுதியுள்ளார். தனிமனித உரிமையைப் போற்றும் இன்றைய வாசகருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலின் அடிப்படைக் கொள்கையோடு இது நேராக மோதுகிறது. மில்லின் பக்கம் வலுவான நியாயம் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் லோடரைப் பொறுத்தவரை அவருடைய கொள்கைக்கு நிற்க இடம் சிறிதே கிடைக்கிறது, ஏனெனில் தமக்கு மட்டுமான ஆபத்து என்று வரையறுத்த ஒன்று, மகன் வந்து லீவரைப் பிடிக்கும் நாளிலும், அண்டைவீட்டார் ஒரு மாலைக்கு வண்டியை இரவல் கேட்கும் நாளிலும் தன் எல்லையை இழந்துவிடுகிறது. ஹோஸ் தன்னைத் தொடுபவர் உரிமையாளரா இல்லையா என்று பார்ப்பதில்லை.

இவை பொறியியலின் செய்திகள், தர அமைப்புகள் வகுத்த வளைவு ஆரமும் வெடிப்பழுத்தமும் போதும், சமயத்தை இழுப்பது மிகை என்று சிலர் கருதலாம். தர விதிகள் பெரும்பணி ஆற்றியுள்ளன. வேலை அழுத்தத்தைப் போல் நான்கு மடங்கு அழுத்தத்தையும் வெடிக்காமல் தாங்கும்படி ஹோஸைச் செய்ய வேண்டும் என்ற பொதுவிதி எண்ணற்ற கைகளைக் காத்திருக்கும். ஆனால் அந்த விதிகள் கடையில் விற்கும் ஹோஸைப் பற்றிப் பேசுகின்றன. அதே ஹோஸ் ஒரு குறிப்பிட்ட டிராக்டரின் குறிப்பிட்ட மூட்டில் எந்த விளிம்பை உரசுகிறது என்பதை, மேற்பார்வை இல்லாத கொட்டகையில், லோடரை ஒருமுறை உயர்த்திப் பார்க்கும் ஆள் மட்டுமே அறிய முடியும். அப்படிப் பார்க்க அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரி எவரும் அங்கில்லை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் ஒருவரை எது கட்டுகிறது என்பது சமயத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று.

கைமாறும் டிராக்டர் இந்த ஆய்வில் எஞ்சும் கடினமான பகுதி. குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்னும் லேவியராகமத்தின் கட்டளையை, ஒரு செய்தியில் அறியாமையில் இருப்பவருக்குத் தவறான அறிவுரை தராதே என்று யூத உரையாசிரியர்கள் பொருள்படுத்தினர். வாங்குபவர் லோடரின் அருகே நிற்கும்போது அது தரையில் இறங்கியிருக்கிறது. புறத்தோல் துடைத்துப் பளபளப்பாக இருக்கிறது. கைகளை உயர்த்தும்போது மட்டும் குறுக்குச் சட்டத்தின் பின்புறத்தில் உரசும் இடம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. விற்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை, கேட்கப்படாததைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே. ஆயினும் அந்த வழியை வகுத்தவர் அவர். அது எங்கே உரசுகிறது என்பது உலகில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாய் திறக்காவிட்டால் அந்த அறிவு விற்பனையோடு அழிந்துபோகிறது. பல ஹோஸ்களின் முதுகில் அது உற்பத்தியான ஆண்டும் காலாண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதைச் சுட்டிக்காட்டி வயதைச் சொல்வதும், இஞ்சினை ஓடவிட்டு லோடரை முழு உயரத்துக்கு ஏற்றி உரசும் இடத்தைக் காட்டுவதும், அதற்காக விலையில் ஏதேனும் குறைந்தால் ஏற்றுக்கொள்வதும் விற்பவர் வாங்குபவருக்குப் பட்டிருக்கும் கடன். அவ்விடத்தில் ஹோஸை மாற்றித் தருவதும் அக்கடனில் சேருமா, சொல்லிவிடுவதோடு அது தீர்ந்துவிடுமா என்பதில் அறநெறியாளர்கள் உடன்பட மாட்டார்கள். கைப்பிடிச்சுவர் பற்றிய கட்டளையை முழுப் பொருளில் எடுத்துக்கொள்பவர், மாற்றித் தருவதையே சொல்வார்.